சறுக்கிய யானைகள் எழுந்தது எப்படி? வடசென்னை ஆலைகள் சொல்லும் தொழில் பாடம்

சென்னை சென்ட்ரலுக்கு வடக்கே, வால்டாக்ஸ் சாலையை ஒட்டி இருக்கிறது யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். 18-ம் நூற்றாண்டில் ஹைதர் அலியின் படை மதராஸ் வரை வந்து மிரட்டிவிட்டுப் போனதும், கிழக்கிந்திய கம்பெனி ஊரைச் சுற்றி மதில் எழுப்பியது. அதன் மேற்கு வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதில் கட்டிய செலவை ஊர்மக்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள். 'வால் டாக்ஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இன்று அந்த மதிலும் இல்லை, வாசலும் இல்லை. ராயபுரம் பக்கம் ஒரு துண்டு மட்டும் மிச்சம். ஆனால், மதிலுக்கு உள்ளே நடந்த வியாபாரம் சவுகார்பேட்டை, மின்ட் தெரு என்று இன்றைக்கும் ஜேஜே என்று நடக்கிறது!

தொழிலும் இப்படித்தான். பெரிய மதில் என்று நாம் நம்புவது இடிந்துபோகும். சாதாரணமாகத் தெரிவது நிலைத்து நிற்கும். யானைக்கவுனியில் இருந்து ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போனால், சுமார் 20 கிலோமீட்டருக்குள் இதற்கு எத்தனையோ சாட்சிகள். உலகப்போர், உரிமம் வாங்கித் தொழில் செய்த காலம், தாராளமயம், 2008-ன் பொருளாதார நெருக்கடி, வெள்ளம், கொரோனா என எல்லாவற்றையும் பார்த்த ஆலைகள் இங்கே உண்டு. சில எழுந்து நடந்தன. சில படுத்தது படுத்ததுதான். என்ன வித்தியாசம்?

சாயவே சாயாது என்று நினைத்த பின்னி

யானைக்கவுனியில் இருந்து ரயில் பாதையைத் தாண்டி மேற்கே போனால் புளியந்தோப்பு, பெரம்பூர். அங்கேதான் இருந்தது 'பி அண்டு சி மில்' என்று ஊரே அழைத்த பக்கிங்ஹாம் கர்நாடிக் மில். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய ஆலை. காக்கித் துணி என்றாலே பின்னி என்ற காலம் ஒன்று இருந்தது. ராணுவம், போலீஸ், பள்ளிக்கூடச் சீருடை எல்லாவற்றுக்கும் துணி இங்கிருந்து போனது.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. திரு.வி.க., பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார் போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். வடசென்னையில் 'எங்க தாத்தா பின்னி மில்லுல வேலை பார்த்தாரு' என்று சொல்லாத தெரு குறைவு.

அப்படிப்பட்ட மில் 1996-ல் மூடப்பட்டது. ஒரே நாளில் வந்த சாவு அல்ல அது. விசைத்தறித் துணி குறைந்த விலைக்கு வந்தது. பாலியெஸ்டர் வந்தது. இயந்திரங்கள் பழசாகின. கடன் ஏறியது. ஒவ்வொரு முறையும் 'இந்த வருஷம் தாண்டிடலாம்' என்ற நம்பிக்கையில் காலம் ஓடியது. பிறகு பல தமிழ்ப் படங்களின் சண்டைக் காட்சிகளுக்கு அந்தக் காலி மில்தான் களம். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

மில்லைப் பற்றிப் பேசும்போது 'தொழிலாளர் தகராறுதான் காரணம்' என்பார்கள் சிலர். 'நிர்வாகம்தான் காரணம்' என்பார்கள் சிலர். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. கையில் காசு இருந்த காலத்தில் மாற்ற வேண்டியதை மாற்றவில்லை. காசு தீர்ந்த பிறகு மாற்ற நினைத்தால் வங்கி தராது, ஊழியர் நம்ப மாட்டார், வாங்குபவர் காத்திருக்க மாட்டார்.

ஒரு பலூன் கொட்டகையில் இருந்து...

திருவொற்றியூரில் 1946-ல் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார் ஓர் இளைஞர். பெயர் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை. வசதியான குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் 1938-ல் அவருடைய அப்பா நடத்திவந்த திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டது. குடும்பத்தின் 'மலையாள மனோரமா' பத்திரிகைக்கும் பூட்டு. அப்பா சிறைக்குப் போனார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன், விடுதியில் தரையில் படுத்துத் தூங்கினார்.

சொந்தமாகத் தொழில் தொடங்கி, செய்த பலூன்களைத் தானே தெருவில் கொண்டுபோய் விற்றார். பிறகு யானைக்கவுனியில் இருந்து சிறிது தூரத்தில் உள்ள தம்பு செட்டித் தெருவில் அலுவலகம் போட்டார். உறவினர் ஒருவருடைய டயர் ரீட்ரெடிங் பட்டறையைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் 'ட்ரெட் ரப்பர்' தரமாகக் கிடைக்கவில்லை. விற்பவர்கள் எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள். 1952-ல் மாம்மன் மாப்பிள்ளை அதில் இறங்கினார். 1956 முடிவதற்குள் இந்திய ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில்!

பலூனில் இருந்து ட்ரெட் ரப்பர், அதில் இருந்து டயர். தாண்டிய ஒவ்வொரு படியிலும் ரப்பர் என்ற கைவந்த வித்தையை மட்டும் விடவில்லை. 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு டயர் தயாரிப்பு தொடங்கியது. அமெரிக்கச் சாலைக்காக யோசித்த டயர், நம் ஊர் வெயிலுக்கும் மேடு பள்ளத்துக்கும் அதிக பாரத்துக்கும் அப்படியே ஒத்துவரவில்லை. 1963-ல் திருவொற்றியூரிலேயே ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் பிரதமர் நேரு. 1967-ல் எம்.ஆர்.எஃப். அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. கடன் வாங்கிய வித்தையை நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றச் செலவு செய்ததுதான் அந்த நிறுவனத்தின் அஸ்திவாரம்.

புல்லட்: மூடச் சொன்ன தொழிற்சாலை

அதே திருவொற்றியூரில் இன்னொரு கதை. இது கொஞ்சம் திகில் கதை.

இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 'புல்லட்' பிடித்துப்போனது. அதை இங்கே இறக்குமதி செய்துவந்த மதராஸ் மோட்டார்ஸ், 1955-ல் அந்த நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை உருவாக்கியது. 1962 வாக்கில் எல்லா பாகங்களும் இங்கேயே தயாரானது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பிழைத்துக்கொண்டது. 1977-ல் இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது!

1980-களில் நிலைமை மாறியது. ஜப்பான் நிறுவனங்களுடன் கைகோத்து ஹீரோ ஹோண்டா, சுசுகி, யமஹா வண்டிகள் வந்தன. விலை குறைவு, மைலேஜ் அதிகம். புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்வதே ஒரு தனிக் கலை. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, லிவரை அழுத்தி, பதமாக உதைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கால் பதம் பார்க்கப்படும். என்ஃபீல்டும் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று சின்ன வண்டிகள், டீசல் புல்லட் என்று பலதையும் முயன்று பார்த்தது. எதுவும் கைகொடுக்கவில்லை. 1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது.

2000-ல் மாதம் சுமார் 6,000 வண்டி செய்யக்கூடிய நிறுவனம், 2,000 வண்டிகளை விற்கவே திணறியது. ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் 1999-ல் தொடங்கிய புதிய ஆலை வேறு. விற்றுவிடலாம் அல்லது மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. 'எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்று கேட்டவர், குழுமத் தலைவரின் மகன் சித்தார்த்த லால். அப்போது அவருக்கு வயது 26.

அவர் முதலில் செய்தது வெட்டுவதுதான். ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது. விற்பனையைக் கூட்டுவதற்காக டீலர்களுக்குக் கொடுத்துவந்த தள்ளுபடி நிறுத்தப்பட்டது. அடுத்து கஷ்டமான கேள்வி. புல்லட்டில் எதை மாற்றுவது, எதை விடுவது?

பழைய ரசிகர்களுக்கு எதையுமே மாற்றக் கூடாது. வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் என்பதுகூட அவர்களுக்குப் பெருமை. ஆனால் புதிதாக வாங்க வருபவருக்கு அது பயம். எண்ணெய் ஒழுகும், அடிக்கடி பட்டறைக்குப் போகும் என்ற கெட்ட பெயர் வேறு. கடைசியில் கியர் இடது பக்கம் வந்தது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆனது. என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய என்ஜின் வந்தது. தோற்றம், கம்பீரம், 'டப் டப்' சத்தம் ஆகியவற்றை மட்டும் முடிந்தவரை காப்பாற்றினார்கள்.

இதே சமயத்தில் ஐஷர் குழுமம் தன்னிடம் இருந்த 15 தொழில்களில் லாரி, மோட்டார் சைக்கிள் என இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டு விலகியது. டிராக்டர் தொழிலைக்கூட 2005-ல் நம்ம சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கு விற்றது.

2009-ல் வந்த 'கிளாசிக்' வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் மக்கள். 2010-ல் ஆண்டுக்கு சுமார் 50,000 வண்டி. 2014-ல் 3 லட்சத்துக்கு மேல். 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உற்பத்தியின் பெரும்பகுதி இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் நடக்கிறது. பிறந்த வீடு மட்டும் திருவொற்றியூர்.

பின்னிக்கும் புல்லட்டுக்கும் வித்தியாசம் இங்கேதான். விட வேண்டியதை விடவும், விடக் கூடாததைப் பிடித்துக்கொள்ளவும் புல்லட்டுக்கு நேரத்தில் ஓர் ஆள் கிடைத்தார். பின்னால் நின்று செலவைத் தாங்க ஒரு குழுமமும் இருந்தது. 'அகலக்கால் வைக்காதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத்தான் மேலாண்மைக் கல்லூரிகளில் பெரிய வார்த்தைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாரத்தில் 3 நாள் மட்டும் வேலை

எண்ணூர் அசோக் லேலண்டுக்கு வேறு மாதிரியான சோதனை. 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற பெயரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தரும் நிறுவனமாகத் தொடங்கி, 1955-ல் லேலண்டின் பங்கோடு லாரி, பஸ்ஸுக்கு மாறியது.

லாரித் தொழிலில் ஒரு விசேஷம். நாட்டில் வியாபாரம் கொஞ்சம் மந்தமானாலும் முதலில் அடி வாங்குவது இதுதான். சரக்கு குறைந்தால் லாரிக்காரர் புது லாரி வாங்குவதைத் தள்ளிப்போடுவார். பழைய லாரியே இன்னும் 2 வருஷம் ஓடும் இல்லையா? 2008 கடைசியில் உலகமே ஆட்டம் கண்டபோது லாரி விற்பனை சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது. லேலண்ட் வாரத்துக்கு 3 நாள் மட்டும் ஆலையை இயக்கியது. 2019 செப்டம்பரில் மறுபடியும் மந்தம். அந்த மாதம் எண்ணூரில் மட்டும் 16 நாள் வேலையில்லா நாளாக அறிவிக்கப்பட்டது.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க லேலண்ட் ஒரே ஒரு வகை லாரியை நம்பியிருப்பதைக் குறைத்தது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு பஸ், ராணுவத்துக்கு 'ஸ்டாலியன்' லாரி, உதிரி பாகம், ஜெனரேட்டர் என்று பல வருமானம். 2011-ல் ஜப்பானின் நிசானோடு சேர்ந்து 'தோஸ்த்' என்ற சின்ன சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. 2016-ல் கூட்டாளி விலகினார். வண்டி லேலண்டிடம் தங்கிவிட்டது.

நிறுவனம் தப்பித்தது, சரி. ஆனால் ஆலை நிற்கும் 16 நாளில் யாருக்கு என்ன ஆகும்? நிரந்தரத் தொழிலாளிக்கு ஓவர்டைம் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையே போகலாம். ஆலைக்கு நட்டு, போல்ட்டு, பிராக்கெட் செய்துதரும் சின்னப் பட்டறையில் லேத் நிற்கும். வாசலில் டீக்கடையில் பால் மிஞ்சும். பெரிய நிறுவனத்தின் 'தாக்குப்பிடிக்கும் திறன்' என்று பத்திரிகைகள் பாராட்டுவதில் ஒரு பங்கு இவர்கள் பாக்கெட்டில் இருந்து போனது. அதைக் கணக்கில் எழுதாத நிறுவனம் அடுத்த ஏற்றம் வரும்போது நல்ல கைகாரர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஆலைச் சுவருக்கு வெளியே

தொழில் நிலைத்து நிற்க லாபமும் புத்திசாலித்தனமும் மட்டும் போதுமா? 2023 டிசம்பர் மாதம் எண்ணூர் இதற்குப் பதில் சொன்னது.

அந்த மாதத்தின் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு சேர்ந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் கலந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அலையாத்திச் செடிகளிலும் எண்ணெய் படிந்தது. மணலியில் உள்ள சென்னைப் பெட்ரோலியக் கழக ஆலைப் பகுதியில் இருந்து எண்ணெய் வந்ததாக மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மீனவர்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது.

அந்தக் காயம் ஆறுவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கு அடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்களும் மீனவர்களும் ஆலை வாசலில் அமர்ந்து போராடினார்கள். ஆலை பல மாதங்கள் நின்றுபோனது.

வேறு எதற்காக இல்லாவிட்டாலும் கணக்குக்காகவாவது யோசித்துப் பாருங்கள். ஒரு குழாயில் கசிவு. அதனால் மாதக்கணக்கில் உற்பத்தி இல்லை, வழக்கு, ஊரின் கோபம். குழாயைப் பராமரிக்கும் செலவு இதோடு ஒப்பிட்டால் எவ்வளவு? 'சுற்றுச்சூழல் என்பது தனிச் செலவு' என்று நினைக்கும் நிறுவனம், அந்தச் செலவை பிறகு வட்டியோடு கட்டுகிறது. ஊர்க்காரர்களோ காசு கொடுத்துத் திரும்ப வாங்க முடியாததை இழக்கிறார்கள். விடக் கூடாதவற்றின் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையும் உண்டு.

உங்கள் கடைக்கும் இதே பாடம்தான்

'அதெல்லாம் கோடீஸ்வரக் கம்பெனிகளுக்கு. நான் வைத்திருப்பது சின்னப் பட்டறை' என்கிறீர்களா? சின்னத் தொழிலுக்குத்தான் இது இன்னும் அவசியம்.

* கையிருப்பு: விற்பனையே இல்லாவிட்டாலும் வாடகை, சம்பளம், மின் கட்டணம் கட்ட 3 மாதப் பணம் தனியாக இருக்கட்டும். கொரோனா ஊரடங்கில் தப்பித்த கடைகளைக் கேட்டுப் பாருங்கள். இதைத்தான் சொல்வார்கள்.

* ஒரே வாடிக்கையாளர் ஆபத்து: உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திடம் இருந்து வந்தால், அவருடைய விடுமுறை உங்கள் பட்டினி. இன்னும் இரண்டு பேரைத் தேடுவதற்கு நல்ல காலம்தான் சரியான நேரம்.

* 45 நாள் சட்டம்: 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவை நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இணையம் வழியாகவே புகார் செய்யலாம். ஆனால், பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. யானைக்கவுனி, சவுகார்பேட்டை மொத்த வியாபாரிகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு, கடன் கொடுக்கும்போதே தவணையை எழுதி வாங்குவது நல்லது.

* பில்லைப் பணமாக்குவது: பெரிய நிறுவனம் பில்லை ஒப்புக்கொண்டுவிட்டால், 'ட்ரெட்ஸ்' என்ற மின்னணு ஏலத் தளங்கள் மூலம் வங்கியிடம் அந்தத் தொகையை முன்கூட்டியே பெறலாம். சிறிய கழிவு உண்டு. கந்துவட்டியை விட எவ்வளவோ மேல்.

* வெட்டுவதற்கு வரிசை: நெருக்கடி வந்தால் எதை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசி வரை தொடக் கூடாது என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் முடிவு எடுத்தால் முதலில் வெட்டுவது நல்ல வேலைக்காரரையும் தரத்தையும்தான். அந்த இரண்டும் போனால் திரும்ப வராது.

திருவொற்றியூரில் 'விம்கோ நகர்' என்று ஒரு ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் நாடு முழுக்க அடுப்பு பற்றவைத்த தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர் அது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொஞ்ச தூரத்தில், மூடச் சொன்ன தொழிற்சாலையில் பிழைத்த புல்லட் 'டப் டப்' என்று சாலையில் போகிறது.